படாக் மரத்தில் முதல் வேலை: 784 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஒரு சுரக்கட்டை

ஆப்பிரிக்க படாக்கை அறுக்கும்போது கொட்டும் தூள் குங்குமம் சிந்தியதுபோல் இருக்கும். கை, சட்டை, மேசை எல்லாம் சிவந்துவிடும். இந்த மரத்தின் பெருமையும் தொல்லையும் அந்தச் சாயத்தில்தான் இருக்கின்றன. கரையான் அண்டாமல் பார்த்துக்கொள்வதில் மரத்துக்குள் ஊறியிருக்கும் சாறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தட்டினால் ஒலி சட்டென்று அடங்காமல் நீண்டு நிற்பதற்கும் அவையே காரணம். மரத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்துவிட்டுச் சோதித்தால் அதிர்வு முன்பைவிட வேகமாக அடங்குகிறது. அதனால் இந்த மரத்தைப் பழகிக்கொள்ள நாற்காலியோ பெட்டியோ வேண்டாம். ஒரே ஒரு சுரக்கட்டை, அதாவது சைலஃபோனில் இருப்பதுபோல் தட்டினால் ஒரு சுரம் ஒலிக்கும் கட்டை, செய்தால் போதும். தேர்வு, அறுவை, இழைப்பு, மெருகு என்று எல்லாப் பாடமும் 300 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், தவறு எங்கே என்று கட்டையே ஒலித்துச் சொல்லும்.

முதலில் மரத்தைப் பற்றி. தாவரவியல் பெயர் டெரோகார்பஸ் சோயாக்ஸி. நைஜீரியாவின் தென்கிழக்கு, கேமரூன், காபோன், இரு காங்கோக்கள் ஆகிய இடங்களின் மழைக்காடுகளில் வளர்கிறது. நம் வேங்கையும் செம்மரமும் இதே டெரோகார்பஸ் இனத்தவை, ஆகவே நிறத்திலும் குணத்திலும் உறவு தெரியும். கேமரூன், காபோன் பகுதிகளில் வாழும் பெட்டி, ஃபாங் மக்கள் மென்ட்சாங் என்ற மரச்சுர வாத்தியத்தின் கட்டைகளை இந்த மரத்தில்தான் செதுக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். காங்கோ பக்கம் இதன் சிவப்பைப் பொடியாக்கிக் குழைத்து உடலிலும் சிற்பங்களிலும் பூசுவார்கள், அதற்கு டுக்குலா என்று பெயர். இன்று பள்ளிகளுக்கான சைலஃபோன், மரிம்பா கட்டைகளிலும் படாக் நிறையப் பயன்படுகிறது.

காய்ந்த மரம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 745 கிலோ எடை. தேக்கு 655 கிலோவை ஒட்டி வரும், படாக் அதைவிடக் கடினமும்கூட. பச்சை மரம் முழுதாகக் காயும்போது நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்திசையில் சுமார் 3.3 சதவீதமும், வளையத்தை ஒட்டிய திசையில் 5.2 சதவீதமும் சுருங்கும். இவ்வளவு கனமான மரத்துக்கு இது குறைவு. கோணிக்கொள்ளாமல் நிற்கும் என்று தச்சர்கள் இதை நம்புவதற்குக் காரணம் இதுதான்.

தேவையானவை

இழைத்தபின் 300 × 40 × 20 மில்லிமீட்டர் நிற்கும் ஒரு துண்டு (கடையில் ஓர் அங்குலப் பலகை கேளுங்கள்), நுண்பல் கைரம்பம், நன்றாகத் தீட்டிய இழைப்புளி, மூலைமட்டம், அரைவட்ட அரம், 5 மில்லிமீட்டர் துளைக்கும் டிரில், 120, 180, 240, 320 எண் உப்புத்தாள், இரண்டு நுரைப் பட்டைகள், சிறிய ரப்பர் பந்து குத்திய மூங்கில் குச்சி, சுருதி காட்டும் கைபேசிச் செயலி, சமையலறைத் தராசு. என்95 முகக்கவசம் கட்டாயம். இந்தத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கண் எரிச்சலையும் மூச்சு இறுக்கத்தையும் கொடுக்கும்.

படி 1: கடையில் பார்க்க வேண்டியது

படாக் என்ற பெயரில் பர்மா, அந்தமான், ஆப்பிரிக்கா என்று மூன்று மரங்கள் விற்பனையில் இருக்கின்றன. எது என்று கேட்டு வாங்குங்கள். பலகையின் மேற்புறம் பழுப்பேறியிருந்தால் தயங்க வேண்டாம். ஓரத்தில் கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பு தெரியும். வெளிறிய மஞ்சளாக இருக்கும் வெள்ளைப் பகுதி வேண்டாம், முழுக்க வைரமாக இருக்கட்டும். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓட வேண்டும். கணு கூடாது. முனைகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பிறகு தட்டிப் பாருங்கள். பலகையின் ஒரு முனையிலிருந்து நீளத்தில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவான தொலைவிலுள்ள இடத்தை இரு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் மொட்டியால் தட்டுங்கள். மணிபோல் நின்று ஒலித்தால் வாங்கலாம். ‘டக்’கென்று செத்த ஒலி வந்தால் ஈரம் போகவில்லை, அல்லது உள்ளே வெடிப்பு இருக்கிறது.

2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில் ஆப்பிரிக்காவின் டெரோகார்பஸ் மரங்கள் அனைத்தும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அனுமதிச் சீட்டு இல்லாமல் இவற்றை நாடுவிட்டு நாடு கொண்டுபோக முடியாது. ரசீதும் இறக்குமதி விவரமும் காட்டக்கூடிய கடையில் வாங்குங்கள். அந்தக் காடுகளில் மீதியிருக்கும் மரங்களுக்கு நம்மால் செய்ய முடிந்த மரியாதை அது.

படி 2: அறுத்து இழைத்தல்

வாங்கிய துண்டை வேலை செய்யும் அறையிலேயே இரண்டு வாரம் வையுங்கள். அடியில் குச்சி கொடுத்து, காற்று எல்லாப் பக்கமும் படும்படி. அதன்பின் 304 மில்லிமீட்டர் நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். அந்த 4 மில்லிமீட்டர் முனைகளைச் சதுரமாக்கும்போது போய்விடும்.

இழைக்கும்போதுதான் முதல் சோதனை. படாக்கில் நார் சில இடங்களில் பட்டை பட்டையாக எதிரெதிராகச் சாய்ந்து ஓடும். ஒரு பட்டைக்கு இசைவாக இழைத்தால் பக்கத்துப் பட்டையில் நார் பிய்ந்து சிறு குழிகள் விழும். அழுத்தி இழைப்பதால் இது சரியாகாது, கூடும். தகட்டைத் திரும்பத் தீட்டி, சுருள் மிக மெல்லியதாக வரும்படி வாயைக் குறுக்கி, இழைப்புளியைச் சற்றுக் கோணலாகப் பிடித்துத் தள்ளுங்கள். அப்படியும் பிய்ந்தால் அந்த இடத்தை ஸ்க்ரேப்பர் தகட்டால் சுரண்டி முடியுங்கள்.

300 × 40 × 20 அளவுக்கு வந்ததும் தராசில் வையுங்கள். சுமார் 180 கிராம் இருக்க வேண்டும். 160 முதல் 200 வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால் மரம் இன்னும் காயவில்லை, அல்லது கைக்கு வந்தது பர்மா படாக். அது இன்னும் கனம், ஒலிக்கும்தான், ஆனால் இங்கே சொல்லும் எண்கள் சற்று மாறும்.

படி 3: அசையாத இரு கோடுகள்

கட்டையை நடுவில் தட்டினால் நடுவும் இரு முனைகளும் துள்ளும். இடையில் இரண்டு கோடுகள் மட்டும் அசையாமல் நிற்கும். ஒரே தடிப்புள்ள கட்டையில் அவை முனையிலிருந்து நீளத்தின் 22.4 சதவீதத்தில் வரும். 300-க்கு 67 மில்லிமீட்டர். அங்கே பென்சில் கோடு போட்டு, கோடுகளுக்கு அடியில் நுரைப் பட்டைகளை வைத்துக் கட்டையை அமர்த்துங்கள். மேலே தூள் உப்பைத் தூவி நடுவில் மெதுவாக, தொடர்ந்து தட்டுங்கள். உப்பு துள்ளித் துள்ளிக் கடைசியில் இரண்டு வரிகளாகக் குவியும். பென்சில் கோட்டுக்கு மேலேயே உப்புவரி நின்றால் மரம் சீரானது. ஒரு பக்கம் மட்டும் விலகினால் அந்தப் பக்கத்துத் தடிப்பை அளந்து பாருங்கள், பெரும்பாலும் இழைப்பு ஏறி இறங்கியிருக்கும்.

கட்டையைத் திருகால் பொருத்துவதற்கான துளையை இப்போதே போட்டுவிட வேண்டாம், ஏன் என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறோம்.

படி 4: சுருதி சேர்த்தல்

நம் இலக்கு மேற்கத்திய இசையின் ஜி5 என்ற சுரம், அதாவது நொடிக்கு 784 அதிர்வுகள் (784 ஹெர்ட்ஸ்). இந்த அளவில் செதுக்காத படாக் பெரும்பாலும் 830-க்கும் 950-க்கும் இடையில் ஒலிக்கும். கூடுதலாக இருப்பது நல்லது. நாம் கீழே இறக்கப் போகிறோம்.

கட்டையின் அடிப்பக்கத்தில், நடுவிலுள்ள 100 மில்லிமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியை அரைவட்ட அரத்தால் அகலவாக்கில் ராவி, ஆழமில்லாத வளைவாக்க வேண்டும். நடுப்பகுதி மெலிந்தால் கட்டையின் விறைப்பு குறையும், சுருதி இறங்கும். முதலில் அரை மில்லிமீட்டர் எடுத்துவிட்டுத் தட்டிச் செயலியில் பாருங்கள். பிறகு இன்னும் அரை மில்லிமீட்டர். எவ்வளவு எடுத்தால் எத்தனை ஹெர்ட்ஸ் இறங்குகிறது என்று எழுதிக்கொண்டே போங்கள். மூன்று முறைக்குள் உங்கள் மரத்தின் கணக்கு பிடிபட்டுவிடும். ஒரு மரத்தின் கணக்கு இன்னொன்றுக்குச் செல்லாது, ஆகவே இத்தனை மில்லிமீட்டர் எடுங்கள் என்று யார் சொன்னாலும் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ராவாதீர்கள்.

820-ஐ எட்டியதும் வேகத்தைக் குறையுங்கள். அரம் உரசும் சூட்டில் மரம் வெதுவெதுப்பாகும். சூடான மரம் சுருதி தாழ்ந்து காட்டும். ‘வந்துவிட்டது’ என்று நினைத்து நிறுத்தினால் ஆறியபின் மேலே ஏறிவிடும். ஒவ்வொரு அளவைக்கும் முன் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். 790-இல் அரத்தைக் கீழே வைத்துவிடலாம். மீதி 6 ஹெர்ட்ஸை அடிப்பக்கத்தில் உப்புத்தாளே இறக்கிவிடும்.

தவறி 784-க்குக் கீழே போய்விட்டால் கட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். முனைகளைக் குறைத்தால் சுருதி ஏறும். இரு முனையிலும் ஒவ்வொரு மில்லிமீட்டர் எடுத்தால் சுமார் 10 ஹெர்ட்ஸ் உயரும். இரண்டு முனையிலும் சமமாக எடுங்கள், ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் வளைவு நடுவிலிருந்து விலகிவிடும்.

படி 5: துளை

அடியை ராவியபின் உப்பைத் தூவி மீண்டும் பாருங்கள். வரிகள் பழைய பென்சில் கோட்டிலிருந்து சற்றே நகர்ந்திருக்கலாம். நடு மெலிந்ததால் அங்கே விறைப்பும் எடையும் குறைந்திருக்கின்றன, அசையாக் கோடுகளும் இடம் மாறக்கூடும். மூன்றாம் படியிலேயே துளை போட்டிருந்தால் திருகு அசையும் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒலியை அமுக்கியிருக்கலாம்.

புதிய வரிகளின் மேல், அகலத்தின் நடுவில் 5 மில்லிமீட்டர் துளைகள் இரண்டு போடுங்கள். அடியில் உதவாத பலகை ஒன்றை இறுக்கிப் பிடித்துத் துளைத்தால் அடிவாய் சிதறாது. சட்டத்தில் பொருத்தும்போது 3.5 மில்லிமீட்டர் திருகு, மேலும் கீழும் கம்பளித் துண்டு வில்லை. திருகை இறுக்கக் கூடாது, கட்டை கையால் லேசாக ஆடும் அளவுக்கு விடுங்கள்.

படி 6: மெருகு, நிறம்

120-இல் தொடங்கி 240 வரை தேயுங்கள். தூளைத் தூரிகையாலோ உறிஞ்சும் இயந்திரத்தாலோ எடுங்கள். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கவே கூடாது. இந்தச் சிவப்புச் சாயம் தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது, ஸ்பிரிட்டில் உடனே கரையும். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துச் செய்யும் பிரெஞ்ச் பாலிஷ் பூசினாலும் இதே கதிதான். பக்கத்தில் ரப்பர் மரமோ பைனோ சேர்ந்திருந்தால் அதன்மேல் சிவப்பு வழிந்து ஊறிவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. வெளிர்மரச் சட்டம் செய்வதானால் அதைத் தனியாக மெருகிட்டு உலர்த்திய பிறகே படாக்கைச் சேர்க்க வேண்டும்.

தண்ணீரில் கரைத்த பாலியூரித்தேன் இரண்டு மெல்லிய பூச்சு போதும். முதல் பூச்சில் நார் லேசாக எழும். உலர்ந்ததும் 320-ஆல் தடவி இரண்டாவது பூசுங்கள். கனமாகப் பூசினால் ஒலி மழுங்கும்.

நிறம் மாறும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வெயிலும் காற்றும் பட்டு ஆரஞ்சு மெல்ல மெல்லச் செம்பழுப்பாகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. மீந்த துண்டின் பாதியை அட்டையால் மூடிச் சன்னலோரம் வைத்துப் பாருங்கள், மாதம் ஒன்றில் கோடு பிரிந்து தெரியும்.

வேலைக்குப் போட்ட துணியை நனைப்பதற்கு முன் வெளியே நன்றாக உதறுங்கள். காரத்திலும் இந்தச் சாயம் கரையும். தூளோடு சோப்புத் தண்ணீரில் முக்கினால் வாளியிலுள்ள எல்லாம் சிவந்துவிடும்.

படி 7: சுரைக்குடுக்கைக்குப் பதில் ஒரு குழாய்

மென்ட்சாங்கின் குடுக்கை செய்யும், ஒலியைப் பெருக்கும் வேலையை 40 மில்லிமீட்டர் பிவிசி குழாயும் செய்யும். 130 மில்லிமீட்டர் நீளத்தில் வெட்டி, ஒரு முனையை மூடிபோட்டு அடைத்து, கட்டையின் நடுவுக்கு நேர்கீழே, 15 மில்லிமீட்டர் இடைவெளியில் நிமிர்த்தி வையுங்கள். குழாய்க்குள் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கட்டையைத் தட்டுங்கள். ஏதோ ஒரு மட்டத்தில் ஒலி திடீரென்று பெருகும். அப்போது தண்ணீருக்கு மேலிருக்கும் வெற்றிடத்தை அளந்தால் 100 மில்லிமீட்டரை ஒட்டி வரும். தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்நீளம் அந்த அளவு நிற்கும்படி குழாயின் திறந்த முனையை அறுத்துவிடுங்கள்.