கடிகாரம் மாறும் வாரங்களில் கவனம்

வெளிநாட்டில் இருப்பவர்களோடு வாராவாரம் பேசுகிறீர்களா? மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் கொஞ்சம் உஷாராக இருங்கள். கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாடுகள் எல்லாம் ஒரே நாளில் அதைச் செய்வதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும். ஐரோப்பாவும் பிரிட்டனும் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு, மூன்று வாரங்களுக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் 5 மணி நேரமல்ல, 4 தான். பழைய நிலைக்குத் திரும்பும்போதும் இதே கூத்து: ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு.

சிட்னி இன்னும் மோசம். அங்கே பருவமே தலைகீழ் என்பதால் லண்டனோடு வித்தியாசம் மாதத்தைப் பொறுத்து 9, 10, 11 என்று மாறும். அதே ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து கடிகாரத்தைத் தொடுவதே இல்லை.

மனக்கணக்கு வேண்டாம். காலண்டர் செயலியில் சந்திப்பைப் பதியும்போது 'ஜிஎம்டி (கிரீன்விச் நேரம்) கூட்டல் இத்தனை' என்பதை விட்டுவிட்டு நகரத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அப்புறம், சந்திப்புக்கு யாருடைய ஊர் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்வது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.