இரட்சிப்பின் வழியைக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டங்களில், இயேசுவை ஏற்றுக்கொள்ள முன்வாருங்கள் என்று அழைப்பு கொடுத்தபின் முன்னால் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச, ஒவ்வொரு வருஷமும் புதிய வாலிபர்கள் வருகிறார்கள். அவர்கள் ஆர்வத்தில் குறையே இல்லை. ஆனால் இந்த ஊழியத்தில் பழகியவர்கள் ஒரு காலத்தில் செய்து வருந்திய அதே பிழைகளை அவர்களும் செய்கிறார்கள். வேதாகமத்தை மறந்து வருவது, கைபேசியைப் பார்த்துக்கொண்டே பேசுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்வைக்குச் சரியாகத் தெரிந்துகொண்டே ஓர் ஆத்துமாவைக் கெடுக்கிறவற்றை மட்டும் பார்ப்போம்.

'கேள்வி'யைத் தவறாகப் படிப்பது

"விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்" (ரோமர் 10:17). நிறையக் கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்று இதற்கு விளக்கம் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. இங்கே கேள்வி என்பது வினா அல்ல, செவியால் கேட்டு உள்ளே வாங்கிக்கொள்வது. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர் வந்ததும் இந்தப் பொருளில்தான்.

இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. கேட்பதால் விசுவாசம் வருமென்றால், வந்தவர் முதலில் வசனத்தைக் கேட்க வேண்டும், நம் பேச்சை அல்ல. விதைக்கிறவன் உவமையில் வழியருகே விழுந்த விதைக்கு இயேசு சொல்லும் காரணம், வசனத்தைக் கேட்டும் உணராதிருப்பது (மத்தேயு 13:19). அதனால் வேதாகமத்தை அவர் கையில் கொடுத்து, அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததை அவருடைய சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். அதன்பிறகு நீங்கள் விளக்கினால் போதும். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு நிதானமாக இரண்டு முறை வாசித்துக் காட்டுங்கள்.

'நான் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லுங்கள்'

இந்த ஒன்றை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் மனசு ஆறுவதில்லை.

வந்தவரோடு பேசும் ஆலோசகர் ஜெபத்தில் ஒரு வரி சொல்வார், வந்தவர் திருப்பிச் சொல்வார். மூன்று நிமிஷத்தில் ஜெபம் முடியும். கண்ணைத் திறந்ததும், "இன்றைக்கு நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்கள்" என்று கைகுலுக்குவார். அட்டையில் பெயர், முகவரி, தேதி எழுதி வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவார். அந்த மனிதர் எதிலிருந்து இரட்சிக்கப்பட்டார் என்று அவருக்கே தெரியாது. வேலை கிடைக்க வேண்டும் என்றோ, பிள்ளைக்குச் சுகம் வேண்டும் என்றோ முன்னால் வந்திருப்பார். அதை யாரும் கேட்கவே இல்லை.

பிறகு நடப்பது இரண்டில் ஒன்று. ஒருவர், 'அதுதான் அன்றைக்கே ஜெபம் பண்ணிவிட்டேனே' என்று பழைய வாழ்க்கையிலேயே நிம்மதியாக இருப்பார். அடுத்த முறை சத்தியம் சொல்லப்படும்போது அது தனக்கு இல்லை என்று நினைப்பார். இன்னொருவர், அன்றைக்குச் சரியாகச் சொல்லவில்லையோ என்ற பயத்தில் வருஷந்தோறும் கை தூக்கி, வருஷந்தோறும் முன்னால் வந்து, அதே ஜெபத்தைச் சொல்வார். முதலாமவர் கிறிஸ்து இல்லாமலே நிச்சயம் பெற்றார். இரண்டாமவர் கிறிஸ்துவைத் தேடியும் நிச்சயம் பெறவில்லை. இருவருமே கிறிஸ்துவை விட்டுவிட்டு ஒரு ஜெபத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளைத் திறந்து பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு நீளமாகப் பேசிய பிறகு, கேட்டவர்கள் இருதயத்திலே குத்தப்பட்டு, அவர்களே "நாங்கள் என்னசெய்யவேண்டும்" என்றார்கள் (2:37). பிலிப்பி சிறைச்சாலைக்காரனுக்குப் பவுலும் சீலாவும் சொன்ன, "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவை விசுவாசி" என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது 16:31. அடுத்த வசனத்தில், அந்த நள்ளிரவிலும் அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கர்த்தருடைய வசனத்தைப் போதித்தார்கள் என்று இருக்கிறது. ஞானஸ்நானம் அதற்கும் பிறகு. சமாரியாவின் சீமோனோ விசுவாசித்தான் என்றும் ஞானஸ்நானம் பெற்றான் என்றும் எழுதியிருக்கிறது. ஆனாலும் உன் இருதயம் தேவனுக்குமுன் செம்மையாயிருக்கவில்லை என்று பேதுரு அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது (8:21).

ஜெபிப்பது தவறு என்று சொல்லவில்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று வரி வசூலிக்கும் ஆயக்காரன் ஜெபித்தான் (லூக்கா 18:13). யாரும் அவனுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் கேள்வி, "எதற்காக முன்னால் வந்தீர்கள்?" பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். பிறகு ரோமர் 3:23, 6:23, 5:8, 10:9 இந்த வரிசையில் அவரே வாசிக்கட்டும். 5:8ஐ அவசரமாகத் தாண்டாதீர்கள். பாவத்தின் கனத்தை உணர்ந்த மனுஷன் சிலுவைக்கு முன்னால் நிற்க வேண்டிய இடம் அது. 10:9இல் இரண்டு காரியங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இயேசுவைக் கர்த்தர் என்று ஏற்கிறீர்களா? தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினார் என்று விசுவாசிக்கிறீர்களா? உள்ளம் ஆயத்தமாக இருந்தால் அவரே தம் வாயால் ஜெபிக்கட்டும். திக்கித் திக்கி இரண்டு வாக்கியம் வந்தாலும் அது அவருடையது.

முடிந்தபின் 'நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்கள்' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாக்குத்தத்தத்தைக் காட்டுங்கள். நிச்சயத்தை வசனமும் ஆவியானவரும் கொடுக்கட்டும் (ரோமர் 8:16). அந்த வாரமே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். யோவான் சுவிசேஷம் 21 அதிகாரம், நாளுக்கு ஒன்றாக மூன்று வாரம் அவரோடு வாசியுங்கள்.

கண்ணீரை அளவுகோலாக்குவது

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான், அவரை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். திரும்பிவந்தவன் பேதுரு மட்டுமே. மனந்திரும்புதல் என்ற சொல்லில் திரும்புதல் இருக்கிறது. அழாதவரைத் தள்ளிவிடாதீர்கள்.

செய்கையை முன்னால் வைப்பது

'முதலில் குடியை விட்டுவிட்டு வாருங்கள்' என்று அனுப்பிவிடுவது. ஆயக்காரனான சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றது இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்ட பிறகுதான். எபேசியர் 2:8, 9, 10 மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். பத்தாம் வசனத்தை விடாதீர்கள்.

'அப்புறம் பார்க்கலாம்' என்பதை ஒத்துக்கொள்வது

பவுல் பேசியதைக் கேட்ட ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ் பயந்தவன்தான். "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான் (அப்போஸ்தலர் 24:25). அதன்பிறகு பவுலைப் பலமுறை அழைத்துப் பேசினான், அவரிடமிருந்து பணத்தை எதிர்பார்த்து. இரண்டு வருஷம் அப்படியே போனது. ஒருவர் தள்ளிப்போட்டால் வற்புறுத்தாதீர்கள், விட்டும்விடாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு நாளும் நேரமும் அங்கேயே பேசி முடித்து, எபிரெயர் 2:1 முதல் 3 வரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.