'ஹேவிங்' எங்கே வரும், எங்கே வராது?

ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள்கூட 'ஹேவ்' என்ற வினைச்சொல்லில் சறுக்குவதைப் பார்க்கலாம். "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்" என்பது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். கேட்பவருக்குப் புரிந்துவிடும், ஆனாலும் தவறுதான். "ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்" என்றாலே போதும்.

இந்தச் சொல் இரண்டு விதமாக வேலை செய்கிறது. உறவு, உடைமை, குணம், நோய் இவற்றைச் சொல்லும்போது அது ஒரு நிலை: "ஹி ஹேஸ் எ குட் மெமரி", "ஷி ஹேஸ் எ ஃபீவர்". நிலைக்கு 'இங்' ஒட்டாது. சாப்பிடுவது, கூட்டம் நடத்துவது என்று வரும்போது அதுவே செயல். அப்போது "வீ ஆர் ஹேவிங் லஞ்ச்", "தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

'புரிந்தால் போதாதா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். அக்காவுக்கு ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்று சொல்ல நினைத்து "மை சிஸ்டர் இஸ் ஹேவிங் எ பேபி" என்கிறார் ஒருவர். கேட்பவர் அக்கா கர்ப்பமாக இருப்பதாக எடுத்துக்கொண்டு, எப்போது பிரசவம் என்று விசாரிப்பார். "ஹேஸ் எ பேபி" என்றிருந்தால் குழப்பமே இல்லை.

தமிழில் 'எனக்கு இருக்கிறது', 'என்னிடம் இருக்கிறது' என்று வரும் இடமென்றால் பெரும்பாலும் 'இங்' வேண்டாம். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் உண்டு. "ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் மை போன்" சரியான ஆங்கிலமே. அங்கே சொல்வது இப்போது பட்டுக்கொண்டிருக்கும் அவஸ்தையை.

"டஸ் ஷி ஹேஸ்", "டிட் யூ ஹேட்" இரண்டும் தவறு. 'டஸ்', 'டிட்' வந்துவிட்டாலே பின்னால் வெறும் 'ஹேவ்'தான்.

அப்புறம், நேற்றைய விஷயத்துக்கு 'ஹேவ்' போடுவது. "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்கிறோம். ஒருவரைப் பார்த்த செய்தியைத் தமிழில் சொல்லும்போது 'நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்' என்போமா? 'பார்த்தேன்' என்றுதானே சொல்வோம்? ஆங்கிலத்திலும் அப்படியே: "ஐ சா ஹிம் யெஸ்டர்டே". எப்போது என்று சொல்லாமல் 'முன்பே பார்த்திருக்கிறேன்' என்னும்போது "ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்". மரியாதையாக ஒலிக்கும் என்று நினைத்தோ என்னவோ, சிலர் "ஐ ஹேட் கான் தேர் லாஸ்ட் வீக்" என்று 'ஹேட்' சேர்க்கிறார்கள். கடந்த காலத்தில் நடந்த இரண்டில் முந்தியது எது என்று காட்டத்தான் அது வேண்டும். போன வாரம் போய்வந்ததை மட்டும் சொல்ல "ஐ வென்ட்" போதும்.

எனக்குத் தெரிந்து ஆபத்தானது 'டோண்ட் ஹேவ் டு'. ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட்டு, 'அவளிடம் சொல்ல வேண்டாம்' என்று தடுப்பதாக நினைத்து "யூ டோண்ட் ஹேவ் டு டெல் ஹர்" என்றால், 'சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னாலும் பரவாயில்லை' என்றுதான் பொருள். ரகசியம் வெளியே போனால் அதைக் கேட்டவர்மேல் குற்றமில்லை. நம் 'வேண்டாம்' தடையையும் குறிக்கும், தேவையின்மையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. தடுக்க வேண்டுமானால் "டோண்ட் டெல் ஹர்", கண்டிப்பு வேண்டுமானால் "யூ மஸ்ட் நாட் டெல் ஹர்".

சலூனுக்குப் போய்வந்து "ஐ கட் மை ஹேர்" என்றால் கத்தரிக்கோல் உங்கள் கையில் இருந்ததாகவே பொதுவாக நினைப்பார்கள். பேச்சுவழக்கில் சிலர் அப்படிச் சொல்வதுண்டு என்றாலும், இன்னொருவரைக் கொண்டு செய்துகொண்டதை "ஐ ஹேட் மை ஹேர் கட்" என்பதே தெளிவு. இதில் சொல் வரிசை முக்கியம். "ஐ ஹேட் கட் மை ஹேர்" என்று மாற்றிப் போட்டால் கத்தரிக்கோல் மறுபடி உங்கள் கைக்கே வந்துவிடும்.