பழைய வீடியோ கார்டுக்கு மானிட்டர் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபிள் பொருந்துகிறது என்பதற்காகச் சிக்னலும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். 1980, 90களின் வீடியோ கார்டுகளை மீண்டும் இயக்கிப் பார்ப்பவர்களுக்கு நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த நம்பிக்கையிலிருந்துதான் தொடங்குகின்றன.

ட்ரூவிஷன் டார்கா கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் உட்கார்ந்திருந்தாலும் அது வெளியே அனுப்புவது தொலைக்காட்சிப் படம். அமெரிக்காவின் என்டிஎஸ்சி தொலைக்காட்சி முறையில் அதன் கிடைமட்ட அதிர்வெண், அதாவது நொடிக்கு வரையும் கோடுகளின் எண்ணிக்கை, சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ்; இந்தியா போன்ற நாடுகளின் பால் (PAL) முறையில் 15.625. சாதாரண விஜிஏ மானிட்டருக்கு வேண்டியதோ 31.5. மாற்றுக் கேபிள் செய்து இரண்டையும் இணைத்தால் திரை இருண்டிருக்கும், அல்லது படம் கிழிந்து ஓடும். ஒரே அதிர்வெண்ணுக்காகச் செய்யப்பட்ட பழைய குழாய் மானிட்டர் என்றால், அதன் கிடைமட்டப் பகுதியின் டிரான்சிஸ்டரே எரிந்துபோகலாம். கீச்சென்ற சத்தம் கேட்டால் யோசிக்காமல் அணைத்துவிடுங்கள்.

‘மல்டிசிங்க்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவதும் தவறுதான். என்இசி 1980களில் கொண்டுவந்த முதல் மல்டிசிங்க் 15 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கியது. பின்னால் வந்த பல மாடல்கள் 30க்குக் கீழே வருவதில்லை. கையேட்டில் கிடைமட்ட அதிர்வெண் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். எல்சிடி திரைதான் இருக்கிறது என்றால் நடுவே ஓஎஸ்எஸ்சி போன்ற, அதிர்வெண்ணை உயர்த்தித் தரும் ஒரு பெட்டி உதவும்; ஆனால் அது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக), கம்பொனென்ட் (வெளிச்சம் ஒன்று, நிற வேறுபாடுகள் இரண்டு) சிக்னல்களுக்கானது, எல்லாம் ஒரே கம்பியில் வரும் கம்போசிட்டை நேரடியாக ஏற்காது.

செருகித் திருகிப் பூட்டும் பிஎன்சி முனைகள் மூன்றைக் கண்டதும் ஆர்ஜிபி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கம்பொனென்ட் வெளியீட்டுக்கும் மூன்று முனைகள்தான். அதை ஆர்ஜிபி மானிட்டரில் செருகினால் படம் அசையாமல் நிற்கக்கூடும், ஆனால் திரை முழுவதும் பச்சை ஏறியிருக்கும். கார்டு கெட்டுவிட்டது என்று நல்ல கார்டைக் கழித்துக்கட்டுவது இப்படித்தான் நடக்கிறது. ஆர்ஜிபியிலும் சிங்க், அதாவது கோடும் படமும் தொடங்கும் நேரத்தைச் சொல்லும் துடிப்பு, தனிக் கம்பியில் வருகிறதா, பச்சையோடு கலந்து வருகிறதா என்பது கார்டுக்குக் கார்டு மாறும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது டெர்மினேஷன், அதாவது கம்பியின் கடைசி முனையில் 75 ஓம் மின்தடை வைப்பதில் நேரும் தவறுக்குத்தான், ஏனென்றால் அது கண்ணுக்குத் தவறாகவே தெரியாது. ஸ்டுடியோ மானிட்டரின் பின்புறம் கம்போசிட்டுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சாக்கெட்டுகள் இருக்கும். பக்கத்தில் ‘75 ஓம்’ என்று எழுதிய ஒரு சிறு சுவிட்சு. சிக்னலை ஒரு மானிட்டரிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும்போது, கடைசி மானிட்டரில் மட்டுமே அதைப் போட வேண்டும். எதிலும் போடாவிட்டால் 1 வோல்ட் இருக்க வேண்டிய சிக்னல் 2 வோல்ட்டை நெருங்கும். வெள்ளை வெளுத்துப்போகும், விளிம்புகளில் நிழல் விழலாம். இரண்டில் போட்டால் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து படம் மங்கும். சில மானிட்டர்களில் சுவிட்சு தானியங்கி: வெளியே செல்லும் சாக்கெட்டில் கேபிள் செருகியதும் 75 ஓம் விலகிவிடும். மறுமுனை எங்கும் போகாத கேபிளை அங்கே தொங்கவிட்டால் டெர்மினேஷனே இல்லாமல் போகும்.

மங்கிய திரையைப் பார்த்ததும் கை தானாகக் கான்ட்ராஸ்ட் திருகுக்குப் போகிறது. பிறகு அந்தத் திரையை நம்பிக் கார்டின் பிரகாச அளவையும் உயர்த்துகிறோம். அந்த அளவிலேயே ஒரு டேப் முழுவதும் பதிவாகிவிட்டால், வெட்டுப்பட்ட வெள்ளைப் பகுதிகளின் விவரத்தை மீட்க வழியில்லை. முதலில் சுவிட்சு, பிறகு வண்ணப்பட்டை (கலர் பார்) சோதனைப் படம், அதன் பிறகே திருகு.

கேபிளின் மேலுறையையும் படியுங்கள். பழைய ஈதர்நெட்டுக்கான ஆர்ஜி-58 கேபிளிலும் பிஎன்சி முனைதான். ஆனால் அது 50 ஓம். வீடியோவுக்கு 75 ஓம் கொண்ட ஆர்ஜி-59 வேண்டும்.

அமிகா கணினிக்காக 1990இல் வந்த நியூடெக் வீடியோ டோஸ்டர் கார்டு என்டிஎஸ்சிக்கு மட்டுமானது. இந்தியா, இலங்கை போன்ற பால் நாடுகளில் அதை இயக்குபவர்களுக்கு என்டிஎஸ்சி ஏற்கும் மானிட்டர் அவசியம். இல்லையேல் படம் கறுப்பு வெள்ளையில் வரும், அல்லது உருளும். அமிகாவின் திரை ஒன்று, வெளியே போகும் படத்துக்கு இன்னொன்று என இரண்டு மானிட்டர்கள் வேண்டும். ஒன்றிலேயே சமாளிக்கலாம் என்று தொடங்குபவர்கள் வேலையைப் பாதியில் நிறுத்துவார்கள்.

அந்த இரண்டாவது மானிட்டரை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணினித் திரை ஒரு ஃபிரேமின் இரண்டு ஃபீல்டுகளையும் (ஒன்றுவிட்ட கோடுகளால் ஆன அரைப் படங்கள்) ஒன்றாகக் காட்டிவிடுவதால், ஃபீல்டு வரிசை தலைகீழாக இருந்தாலும் அங்கே பிடிபடாது. ஃபீல்டுகளை மாறிமாறிக் காட்டும் இன்டர்லேஸ் முறையில் ஓடும் குழாய் மானிட்டரில் அதே காட்சி முன்னும் பின்னும் உதறும். டிவி (DV) என்ற டிஜிட்டல் வீடியோ வடிவக் கோப்புகளில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். பால் முறையின் பல அனலாக் கார்டுகளில் மேல் ஃபீல்டு முதலில் வரும். இரண்டும் ஒரே டைம்லைனில் கலந்தால் இந்தச் சிக்கல் எழும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சி ஒன்றை மானிட்டரில் ஓட்டிப் பாருங்கள். உதறினால் அமைப்பில் ஃபீல்டு வரிசையை மாற்றி, அதே காட்சியை மறுபடி ஓட்டுங்கள்.