விகிதசமன் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விகிதசமன், அதாவது ஒன்றை மற்றதால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வரும் தொடர்பு, தொடங்கும் அன்றே கரும்பலகையில் குறுக்குப் பெருக்கத்தை (a/b = c/d என்றால் a × d = b × c) எழுதிவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். பயிற்சிக் கணக்குக்கு விடை சரியாக வரும். கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பிள்ளை திணறும். எதை எதோடு பெருக்குவது என்று தெரியும், ஏன் என்று தெரியாது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரைப் பிள்ளையிடம், ஏக்கருக்கு 2 புசல் (நெல் அளக்கும் அளவு) விதைநெல் என்றால் 7 ஏக்கருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சூத்திரம் இல்லாமலே 14 என்று சொல்லும். சரி, அங்கிருந்தே தொடங்கலாம். 3 ஏக்கருக்கு 6, 5 ஏக்கருக்கு 10 என்று அட்டவணை போடவைத்து, புசலை ஏக்கரால் வகுக்க விடுங்கள். எல்லா வரியிலும் 2 வரும். அந்த 2 மாறவில்லை என்பதைப் பிள்ளை தானாகக் கண்டு சொல்லும்வரை தெரியாக்கணியத்தை (x) கொண்டுவர வேண்டாம்.

நாம் அதிகம் கவனிக்காமல் விடுவது கூட்டல் பழக்கம். 2 தாச்சி (மேசன் அள்ளும் சட்டி) சீமெந்துக்கு 10 தாச்சி மணல் என்றால், 3 தாச்சி சீமெந்துக்கு? சிலராவது 11 என்பார்கள். இங்கே ஒன்று கூடினால் அங்கேயும் ஒன்று கூட வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். “பிழை, 15” என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்த நியாயம் உள்ளே அப்படியே இருக்கும். அதே வழியில் பின்னால் போகச் சொல்லுங்கள். 1 தாச்சி சீமெந்துக்கு 9 தாச்சி மணல். சீமெந்தே போடாவிட்டால் 8 தாச்சி மணல். இதை வைத்து மேசன் சுவர் கட்டுவாரா என்று கேட்டால், 11 என்று சொன்ன பிள்ளைக்கே விசயம் பிடிபடும். எண்ணைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். 3க்குப் பதில் 4 என்று கேட்டால் எல்லோரும் இரட்டித்து 20 என்பார்கள். யார் கூட்டல் வழியில் நிற்கிறார்கள் என்பது வெளியே தெரியாது.

அப்புறம், அந்தப் பாடம் முழுவதும் விகிதசமக் கணக்குகளையே கொடுப்பது. பிள்ளைகள் எல்லாவற்றையும் விகிதசமன் என்றே நம்பிவிடுவார்கள். ஓட்டோவுக்கு முதல் கிலோமீற்றர் 120 ரூபா, அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 80 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோமீற்றருக்கு 440 ரூபா. 10 கிலோமீற்றருக்கு 880 அல்ல, 840. தூரம் கூடக் காசும் கூடுகிறது, ஆனால் இது விகிதசமன் இல்லை. இப்படி ஒன்றிரண்டைக் கலந்து கொடுத்து, வகுத்துப் பார்த்து ‘ஆம், இல்லை’ சொல்ல வையுங்கள்.

நேர்மாறு விகிதசமனிலும் இதே வழுக்கல்தான். “ஒன்று கூட மற்றது குறையும்” என்று வரைவிலக்கணம் எழுதிக் கொடுப்பது போதாது; இரண்டையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டையில் தினமும் 2 கிலோ எடுத்தால், நாள் கூடக் கூட மிச்சம் குறையும். 1 நாளில் 23, 2 நாளில் 21, 3 நாளில் 19. நாளையும் மிச்சத்தையும் பெருக்கினால் 23, 42, 57 என்று வருகிறது. நிலையான பெருக்கம் இல்லை, அதனால் இது நேர்மாறு விகிதசமன் அல்ல. வேளாண்மை வெட்டும் மெஷின் 3 என்றால் 4 மணித்தியாலம், 4 என்றால் 3, 6 என்றால் 2. இங்கே பெருக்கம் எப்போதும் 12, இது நேர்மாறு விகிதசமன். எல்லா மெஷினும் ஒரே வேகத்தில் வெட்டுகின்றன என்று எடுத்துக்கொண்டதையும் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் அதைக் கட்டாயம் கேட்பார்கள்.

குறுக்குப் பெருக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சையில் அது நேரத்தை மிச்சப்படுத்தும். இரண்டு மூன்று பாடவேளை கழித்து, மணல் கணக்கை இரண்டு சமனான பின்னங்களாக எழுதி, இரு பக்கத்தையும் பகுதியெண்களால் பெருக்கிக் காட்டினால் அது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.