கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரி வழியே பட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

சமுதாயக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சென்று பட்டம் பெறுவதே இந்த வழி. ஐ-20 என்னும் சேர்க்கைச் சான்றைப் பெறுவது, செவிஸ் எனப்படும் வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் செலுத்துவது, எஃப்-1 மாணவர் விசா நேர்முகத்திற்குச் செல்வது ஆகியவற்றைப் பற்றிப் பலர் எழுதிவிட்டதால், கல்லூரியில் சேர்ந்த பிறகு தடுமாற வைப்பவற்றை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் கணக்கு. வெளிநாட்டு மாணவருக்குச் சமுதாயக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் ஏறத்தாழ 10,000 டாலர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலோ கலிபோர்னியாவைச் சேராத மாணவருக்கான கூடுதல் கட்டணமே 30,000 டாலரைத் தாண்டும். மாறிச் சென்ற பிறகு அந்தக் கூடுதல் கட்டணத்தை நீங்களும் செலுத்தியே ஆக வேண்டும் என்பதால், முதல் இரண்டு ஆண்டுகளில் மிச்சமாவதே உங்கள் சேமிப்பு.

படி 1: கல்லூரியைத் தேர்வதற்கு முன் பல்கலைக்கழக வளாகத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மட்டுமே ‘டேக்’ எனப்படும் சேர்க்கை உத்தரவாதத்தைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்கள் இதில் இல்லை. உத்தரவாதம் தரும் வளாகங்களிலும் சிலவற்றில் கணினி அறிவியல் போன்ற பிரிவுகளுக்கு அது கிடையாது.

படி 2: எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திற்கு ஈடாகும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் உங்கள் கல்லூரி, வளாகம், பிரிவு மூன்றையும் தெரிவு செய்து, வரும் ஒப்பந்தப் பட்டியலை அச்சிட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இருப்பது பல்கலைக்கழகப் பாடம். வலப்பக்கம் அதற்கு ஈடான கல்லூரிப் பாடம். சில இடங்களில் வலப்பக்கம் இரண்டு பாடங்கள் ‘ஆண்ட்’ (and) என்ற சொல்லால் இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் படித்தால் எதுவுமே ஏற்கப்படாது. நான் அச்சொல்லை ‘ஆர்’ (or) என்று நினைத்து ஒரு பாடத்தோடு நிறுத்திக்கொண்டேன். விட்டுப்போன பாடம் அடுத்த வசந்தப் பருவத்தில்தான் மீண்டும் நடத்தப்பட்டது. அதற்குள் விண்ணப்பக் காலம் கடந்துவிட்டது. கல்லூரி தரும் திட்டமிடல் செயலியைவிட, ஒரு வரிக்கு ஒரு பாடமாக நாமே தயாரிக்கும் கூகுள் ஷீட்டையே நான் நம்புகிறேன்.

படி 3: ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 யூனிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) எடுக்க வேண்டும், அந்தக் கணக்கில் முழுக்க இணையவழியில் நடக்கும் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. மாறிச் செல்வதற்குத் தேவையானது 60 செமஸ்டர் யூனிட். டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற, செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களில் நடக்கும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் அதுவே 90 யூனிட் ஆகிறது. சாண்டா மோனிகா கல்லூரி செமஸ்டர் முறையில் நடப்பது.

படி 4: ‘டேக்’ விண்ணப்பத்தைச் செப்டம்பர் 1 முதல் 30 வரை, ஒரே ஒரு வளாகத்திற்கு மட்டும் அனுப்பலாம். அதன் பிறகு பல்கலைக்கழகத்தின் பொது விண்ணப்பத்தையும் தனியே அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் உத்தரவாதம் செல்லாது.

பின்சேர்க்கை: பொதுப்பாடங்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2025 இலையுதிர் பருவம் முதல் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஐகெட்சி என்னும் பழைய பொதுப்பாடத் திட்டத்திற்கு மாற்றாகக் கால்-கெட்சி என்னும் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஆகவே மூத்த மாணவர்கள் தரும் பழைய பட்டியலை அப்படியே பின்பற்ற வேண்டாம்.