மைக்ரோ மில்லியாகும் இடம்: ஆய்வுக்கட்டுரையை இதழுக்கு அனுப்புமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஓர் ஆய்வு மாணவி தன் முதல் கட்டுரையைக் கொண்டுவந்து, "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக் குடுங்க மேடம்" என்றார். செய்முறைப் பகுதியின் இரண்டாம் பத்தியில் மருந்தளவு வந்தது. மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான மியூவின் (µ) மேல் சொடுக்கிப் பார்த்தேன். மேலே எழுத்துருப் பெட்டியில் 'சிம்பல்' என்று காட்டியது. 18 வருடங்களுக்கு முன் நான் செய்த அதே காரியம்.

"யாரும்மா இப்படி அடிக்கச் சொன்னது?"

"லேப்ல சீனியர் அக்கா சொல்லிக் குடுத்தாங்க மேடம்."

எனக்கும் ஒரு சீனியர்தான் சொல்லிக்கொடுத்தார்.

எழுத்துப்பிழை பார்ப்பது, இதழின் விதிமுறைகளைப் படிப்பது, பக்க எண் போடுவது எல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். திரையில் சரியாகத் தெரிந்து, அச்சில் வேறாக வந்து நிற்பவற்றைப் பற்றித்தான் இது.

சிம்பல் எழுத்துருவில் மியூ

வேர்டில் ஆங்கிலச் சிறிய எம் (m) அடித்து, அதைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவைச் சிம்பல் என்று மாற்றினால் மியூ தெரியும். பார்க்க அச்சு அசல் மியூதான். ஆனால் அது எம் என்ற எழுத்துக்குப் போட்ட வேடம். எழுத்துரு போனால் வேடமும் போய்விடும். µg என்பது mg ஆகும், அதாவது மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இது தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்குப் புதிதல்ல. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன வரும்? ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. யூனிகோடுக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆய்வுக்கட்டுரையின் குறியீடுகளில் மட்டும் பலர் இன்னும் பாமினி காலத்திலேயே இருக்கிறார்கள். பாமினிக் குப்பையாவது பார்த்தவுடன் தெரிந்துவிடும். மில்லிகிராம் அப்படித் தெரியாது. அதுவும் ஒழுங்கான ஓர் அலகுதான். யார் கண்ணையும் அது உறுத்தாது.

என் கட்டுரையில் எலிகளுக்குக் கொடுத்த அளவு, கிலோ எடைக்கு 50 மைக்ரோகிராம். சமர்ப்பித்தபோது பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பொதிந்திருந்ததால், கட்டுரையை மதிப்பிட்ட ரிவியூவர்கள் இருவருக்கும் மியூ சரியாகவே தெரிந்தது. ஏற்றுக்கொண்டார்கள். அச்சுக்கு முன் நாம் சரிபார்ப்பதற்கான ப்ரூஃப் வந்தது, 48 மணி நேரம் கெடு. நான் என் பெயரைப் பார்த்தேன், துறை முகவரியைப் பார்த்தேன், தலைப்பைப் பார்த்தேன், சரி என்று அனுப்பிவிட்டேன். செய்முறைப் பகுதியில் நான்கு இடங்களில் இரண்டு, மில்லிகிராமாக மாறியிருந்தன.

ஏழு மாதம் கழித்து, வேறொரு நாட்டின் ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல். உங்கள் அளவைப் பின்பற்றினோம், முதல் நாளே எல்லா விலங்குகளும் இறந்துவிட்டன, படத்தில் ஒரு அலகும் எழுத்தில் ஒரு அலகும் இருக்கின்றன, எது சரி என்று கேட்டிருந்தார்கள். மிகவும் மரியாதையான கடிதம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தொகுதி விலங்குகள் வீணாக இறந்திருக்கின்றன. காரணம் ஓர் எழுத்து. திருத்த அறிவிப்பு வந்தது, ஒரே பத்தியில். ஆனால் அதற்குள் பலருடைய கணினியில் இறங்கிவிட்ட பழைய பிடிஎஃப்பை அது போய்த் திருத்தாது. இன்றும் சிலர் என் கட்டுரையை மேற்கோள் காட்டி 50 மில்லிகிராம் என்றே எழுதுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் பொத்துக்கொண்டு வருகிறது.

இது எங்கே நடக்கிறது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். நீங்கள் அனுப்பும் வேர்ட் கோப்பு அப்படியே அச்சுக்குப் போவதில்லை. பன்னாட்டு இதழ்கள் பலவற்றின் பக்க வடிவமைப்பு நம் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கிறது. அங்கே முதலில் கோப்பை எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரை வடிவத்துக்கு மாற்றுவார்கள். இணையப் பக்கமும் பிடிஎஃப்பும் அதிலிருந்தே பிறக்கின்றன. அந்த மாற்றத்தில் உங்கள் எழுத்துரு அலங்காரம் உரிந்துபோகும். எழுத்து மட்டும் மிஞ்சும். வேடம் போட்ட எம், எம்மாகவே மிஞ்சினால் அங்கே உட்கார்ந்திருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 50 மில்லிகிராமும் நடக்கக்கூடிய அளவுதானே. ஐயம் வந்தால் ஆத்தர் க்வெரி, அதாவது கட்டுரையாளருக்கு ஒரு கேள்வி, போடுவார்கள். ஐயமே வராத இடத்தில் என்ன கேட்பது?

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. பீட்டாவுக்குப் பதில், பார்க்க அதைப்போலவே இருக்கும் ஜெர்மன் இரட்டை எஸ் எழுத்தைப் போடுவது. டிகிரிக்குப் பதில் ஆங்கில ஓவை மேலே தூக்கி வைப்பது. தூக்கியது இறங்கினால் 37 டிகிரி 370 போலத் தெரியும். கழித்தல் குறிக்குப் பதில் சிறு இணைப்புக்கோடு: மைனஸ் 20 டிகிரி என்று எழுதும்போது, வரி முடியும் இடத்தில் கோடு மேல் வரியிலும் 20 கீழ் வரியிலும் பிரிந்து போகும், உறைகுளிரில் வைத்த ஆய்வுப் பொருள், அறை வெப்பத்தில் வைத்தது போலாகிவிடும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. வேர்டில் இன்சர்ட், சிம்பல் என்று போய், எழுத்துரு என்ற இடத்தில் 'நார்மல் டெக்ஸ்ட்' வைத்து, கிரேக்க எழுத்துகளிலிருந்து மியூவை எடுங்கள். வேர்டுக்குப் பதில் லேட்டெக் என்ற தட்டச்சு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள், அலகுகளை அச்சிடும் எஸ்ஐயூனிட்எக்ஸ் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணிதப் பகுதியின் சாய்ந்த மியூவை அலகில் போடாதீர்கள், அலகு நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். அனுப்புவதற்கு முந்தைய நாள் முழுக் கட்டுரையையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே அலங்காரம் எதுவும் இருக்காது. மியூ இருந்த இடத்தில் எம்மோ வெற்றுக் கட்டமோ தெரிந்தால், அச்சிலும் ஆபத்துதான். அந்த மாணவியை என் எதிரிலேயே இதைச் செய்யச் சொன்னேன். பதினோரு இடங்கள் சிக்கின.

ப்ரூஃபைக் கட்டுரையோடு மட்டும் ஒப்பிடுவது

எண்களை ஆய்வுக் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். கட்டுரையிலேயே தவறு இருந்தால், அதோடு ஒப்பிட்டு என்ன பயன்? ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் குறிப்பேட்டில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் ஆய்வகத்தில் இப்போது வழக்கம்.

சுருக்கத்தை ஒட்டிவிட்டு அப்படியே நகர்வது

சமர்ப்பிக்கும் தளத்தில் சுருக்கத்துக்கென்று ஒரு பெட்டி இருக்கும். பல தளங்களில் அது வெறும் எழுத்தை மட்டுமே ஏற்கும். 10⁶ செல்கள் என்று ஒட்டினால் 106 செல்கள் ஆகிவிடும். பத்து லட்சம் செல்கள் நூற்றாறாகச் சுருங்கிய சுருக்கங்களை நானே பார்த்திருக்கிறேன். ஒட்டியதும் ஒருமுறை படியுங்கள்.

மேற்கோள் எண்களைக் கையால் போடுவது

வேண்டாம். மேற்கோள்களைத் தானே எண்ணிட்டு அடுக்கும் ஸோடெரோ மென்பொருள் இலவசம்.

படத்தைப் பெரிதாக வரைந்து, பிறகு சுருக்குவது

மேட்பிளாட்லிப் என்ற வரைபட நிரல் தொகுப்பு தானாக வரையும் படத்தின் அகலம் 6.4 அங்குலம், எழுத்தின் அளவு 10 புள்ளி. இதழ்ப் பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் பத்திகளில் ஒன்றின் அகலம் சுமார் 3.5 அங்குலம். படம் அதற்குள் அடங்கும்போது எழுத்தும் சேர்ந்து சுருங்கி ஏறக்குறைய 5.5 புள்ளி ஆகும். எக்ஸ், ஒய் அச்சுகளில் இருக்கும் எண்களைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். முதலிலேயே 3.5 அங்குலத்தில், 8 புள்ளி எழுத்தில் வரையுங்கள். வரைபடத்தை பிடிஎஃப், இபிஎஸ் போன்ற, எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத வெக்டர் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் புகைப்படத்துக்கானது, கோடுகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்தது போல் ஆக்கிவிடும். எக்செல் வரைபடத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒரு பெட்டியில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) என்று மாற்றி எழுதினால் தெளிவு கூடாது. இல்லாத விவரம் எங்கிருந்து வரும்?

இதழ் போலவே இரண்டு பத்தியாக அடுக்குவது

அது அவர்கள் வேலை.

இனிஷியலை ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு விதமாக விரிப்பது

நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. படிவமோ 'லாஸ்ட் நேம்' கேட்டு அடம்பிடிக்கும். ஒரு கட்டுரையில் அப்பா பெயரை விரித்துப் போடுவோம், அடுத்ததில் ஓர் எழுத்து, அதற்கடுத்ததில் ஊர்ப் பெயரும் சேரும். தரவுத்தளத்தில் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். என்னோடு படித்த ஒருவருக்கு, தன் கட்டுரைகள் எல்லாம் தன்னுடையவைதான் என்று பதவி உயர்வு நேரத்தில் நிரூபிக்கவே ஒரு மாதம் ஆனது. முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவு செய்து, அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளருக்கான அடையாள எண்ணாக 2012 முதல் இருக்கும் ஆர்க்கிட் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். 16 இலக்கம், காசு கிடையாது.

துணைக் கோப்பை எக்செலில் திறந்து சேமித்து அனுப்புவது

கட்டுரையோடு இணைக்கும் தரவுப் பட்டியல் போன்ற துணைக் கோப்புகளுக்குப் பெரும்பாலும் ப்ரூஃப் வராது. நீங்கள் ஏற்றியதுதான் இணையத்தில் நிற்கும். எக்செல் இதில் ஒரு வேலை பார்க்கும்: மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, மார்ச்சை மார்ச்எஃப் என்றும் செப்ட்டை செப்டின் என்றும் மாற்றியது. மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்க ஒரு வசதி கொடுத்தது. பழைய பதிப்புகளும் பழைய பட்டியல்களும் நம் ஆய்வகங்களில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே ஏற்றுவதற்கு முன் பெயர்ப் பத்தியை ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்கள். எக்செல் எண்களை எழுத்துகளுக்கு முன்னால் வைக்கும். தேதியாக மாறிய பெயர்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு மேல் வரிசைகளில் வந்து நிற்கும்.